மூன்று 50 மி.மீ. லென்ஸ்களும் வளைந்த ஒரு நாக்கும்: பழைய நிக்கார் வகைகளைப் பிரித்துச் சொன்னதில் நடந்த தவறு

பின்னணி

டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊர். அங்கே முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்டுடியோ நடத்திய புகைப்படக்காரர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மகன் நடத்துகிறார். கல்யாணப் படங்கள்தான் வருமானம். நிக்கான் டி750 டிஜிட்டல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றும், அதற்கு 24-120 ஜூம் ஒன்றும் அவருடைய அன்றாடக் கருவிகள். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை, வேலையும் இல்லை. அந்த ஓய்வில் அப்பாவின் இரும்பு பீரோவை ஒழுங்கு செய்தபோது பழைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா ஒன்றும், மூன்று நிக்கார் லென்ஸ்களும் கிடைத்தன. நிக்கார் என்பது நிக்கான் தன் லென்ஸ்களுக்கு வைத்த பெயர். மூன்றுமே 50 மி.மீ., மூன்றுமே எஃப் 1.4. அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, அதிகபட்சம் திறக்கும் அளவு அது; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். ஒரே ஆள் ஒரே லென்ஸை மூன்று எதற்கு வைத்திருந்தார் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அவருடைய காலத்தில் பர்மா பஜாரிலும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களிடமும் கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்கி வைப்பது வழக்கம். அப்படிச் சேர்ந்தவையாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் ரிப்பேர் செய்பவன் அல்ல. பழைய மேனுவல் லென்ஸ்களைப் பல வருடமாக வாங்கி, பயன்படுத்தி, கைமாற்றி வருகிறேன். அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் வகையும் விலையும் கேட்பார்கள். இவரும் கேட்டார். "அண்ணே, மூணு ஃபிஃப்டி இருக்கு. எதையாவது டி750-ல மாட்டலாமா? மத்ததுக்கு சென்னையில ஒருத்தர் விலை கேக்குறாரு." வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்தன. மூன்றும் நேர் முன்னாலிருந்து எடுத்தவை. கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள பெயர் வளையமும்தான் தெளிவாகத் தெரிந்தன.

இங்கிருந்து அவற்றை முதல் லென்ஸ், இரண்டாம் லென்ஸ், மூன்றாம் லென்ஸ் என்றே சொல்கிறேன்.

பெயர் வளையத்தை வைத்து நான் சொன்னது

முதல் லென்ஸின் முகப்பில் 'நிக்கார்-எஸ்.சி ஆட்டோ' என்று இருந்தது. அந்தக் காலத்து நிக்கான் லென்ஸ்களில் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து உள்ளே எத்தனை கண்ணாடித் துண்டுகள் என்பதைச் சொல்லும். க்யூ என்றால் 4, பி என்றால் 5, எச் என்றால் 6, எஸ் என்றால் 7, ஓ என்றால் 8. இலத்தீன், கிரேக்க எண்ணுப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பக்கத்தில் சி வந்தால் பல அடுக்குப் பூச்சு உள்ளது. அந்த சி 1970-களின் தொடக்கத்தில் வந்தது. 1974-75 வாக்கில் இந்த எழுத்துகளையே நிறுத்திவிட்டு வெறும் 'நிக்கார்' என்று பொறிக்கத் தொடங்கினார்கள். ஆகவே இது 1970-களின் முதல் பாதியில் செய்த லென்ஸ். இதுவரை நான் சொன்னது சரி.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 'நிக்கார் 50 மி.மீ. 1:1.4' என்று மட்டும் இருந்தது. பக்கவாட்டில் ரப்பர் பிடி தெரிந்தது.

நான் அனுப்பிய பதில் இதுதான் (ஏஐ என்றால் என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்): "முதல் லென்ஸ் ஏஐ-க்கு முந்தியது. அதை மாட்டவே மாட்டாதீங்க. மத்த ரெண்டும் ஏஐ. தாராளமா மாட்டலாம்." கூடவே, கேமராவின் செட்டப் மெனுவில் மேனுவல் லென்ஸுக்கான விவரப் பகுதிக்குப் போய் 50 மி.மீ., எஃப் 1.4 என்று பதிந்துகொள்ளச் சொன்னேன்.

இதில் முதல் லென்ஸைப் பற்றிச் சொன்னது தவறு. இரண்டாம் லென்ஸைப் பற்றிச் சொன்னதும் தவறு. மூன்றில் ஒன்றுதான் சரி, அதுவும் சரியான காரணத்தால் அல்ல. ரப்பர் பிடி இருந்தால் ஏஐ என்று என் மனதில் ஒரு சுருக்குவழி இருந்தது. அதை வைத்துச் சொல்லிவிட்டேன்.

ஏஐ என்றால் என்ன, தவறினால் என்ன ஆகும்

இந்த ஏஐ இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு அல்ல. லென்ஸின் அதிகபட்ச அபர்ச்சர் என்ன என்பதை கேமராவுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாட்டுக்கு நிக்கான் 1977-இல் வைத்த பெயர்.

நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பு, 1959-இல் வந்தது. அப்போதைய லென்ஸ்களில் அபர்ச்சர் ரிங்கின் (துளையின் அளவை மாற்றத் திருப்பும் வளையத்தின்) மேல் ஒரு உலோகக் கவட்டை இரண்டு ஸ்க்ரூவால் பொருத்தப்பட்டிருக்கும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உள்ள கேமராவில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டு இருக்கும். அந்த ஊசியைக் கவட்டைக்குள் பிடித்து மாட்டிய பிறகு, ரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால்தான் இந்த லென்ஸ் 1.4 என்று மீட்டருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் இதைச் செய்ய வேண்டும். கல்யாண வீட்டு அவசரத்தில் இது எவ்வளவு தொல்லை என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1977-இல் இதை மாற்றினார்கள். அபர்ச்சர் ரிங்கின் பின்விளிம்பில் ஒரு பகுதியைத் தாழ்வாக வெட்டி, ஒரு படி போல விட்டார்கள். கேமராவின் மவுண்ட்டைச் சுற்றி ஸ்ப்ரிங்கில் நகரும் சின்ன நாக்கு ஒன்றை வைத்தார்கள். லென்ஸை மாட்டியதும் அந்தப் படி நாக்கைத் தள்ளும். ரிங்கைத் திருப்பத் திருப்ப நாக்கும் நகரும். அதிகபட்சத் திறப்பிலிருந்து எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் மூடினால் ஒளி பாதியாகும்) மூடப்போகிறது என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

ஏஐ-க்கு முந்திய லென்ஸில் அந்த வெட்டு இருக்காது. ரிங்கின் பின்விளிம்பு சுற்றிலும் முழு உயரத்தில் இருக்கும். அதை நாக்கு உள்ள பாடியில் மாட்டித் திருகினால் விளிம்பு நாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுத்தும். இந்த ஆபத்தை நிக்கான் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1977-இன் எஃப்எம்மில் நாக்கை மடக்கி வைக்கலாம். 1982-இன் எஃப்எம்2-வில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். டிஜிட்டலில் 2013-இல் வந்த டிஎஃப் மாடலில் மட்டும் மடக்கும் நாக்கு திரும்ப வந்தது. டி750-இல் நாக்கு உண்டு, மடங்காது. ஏஐ அல்லாத லென்ஸ்களைப் பயன்படுத்தக்கூடாது என்று அதன் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். டி3400, டி5600 போன்ற சிறிய பாடிகளில் அந்த நாக்கே கிடையாது. விலை உயர்ந்த பாடிக்கு வரும் சேதம் விலை குறைந்த பாடிக்கு வராது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கிறது.

ஆடியில் நடந்தது, ஆவணியில் தெரிந்தது

என் பதிலை நம்பி அவர் இரண்டாம் லென்ஸை டி750-இல் மாட்டினார். இறுக்கமாக இருந்ததாம். பழைய லென்ஸ், அழுக்கு ஏறியிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தித் திருகியிருக்கிறார். 'டக்' என்று உட்கார்ந்துவிட்டது. இரண்டு படம் எடுத்துப் பார்த்தார், ஃபோகஸ் ரிங் கனமாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அந்த இறுக்கத்தைப் பற்றி அன்று என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆவணி பிறந்தது, கல்யாணங்கள் தொடங்கின. 24-120 ஜூமில் எல்லாம் வழக்கம்போல நடந்தன. காரணம் எளிது. மின் தொடர்பு உள்ள புதிய லென்ஸ்கள் தங்கள் விவரத்தை மின்சார வழியில் சொல்லிவிடுகின்றன. அவற்றுக்கு அந்த நாக்கு தேவையே இல்லை. அதனால் சேதம் மூன்று வாரம் வெளியே தெரியாமல் கிடந்தது.

ஒரு வரவேற்பில், மேடைக்குக் கீழே பெண்ணின் தாத்தாவைத் தனியாக ஒரு படம் எடுக்க மூன்றாம் லென்ஸை மாட்டினார். அபர்ச்சர் முன்னுரிமை முறையில் (துளையை நாம் வைப்போம், ஷட்டர் நேரத்தைக் கேமரா முடிவு செய்யும்), ரிங்கை 1.4-இல் வைத்து. படம் வெளுத்துப்போனது. நாலைந்து ஷாட்டிலேயே கண்டுகொண்டு ஜூமுக்கு மாறிவிட்டார், நல்லவேளை. மறுநாள் வீட்டில் சுவரை வைத்துச் சோதித்தார். 1.4-இல் வெளுக்கிறது. 8-இல் இருட்டுகிறது.

"மூணாவது லென்ஸும் போயிடுச்சுண்ணே. பிளேடுல ஆயில் எறங்கியிருக்கும்னு நெனைக்கிறேன். சென்னைக்காரர்கிட்ட பாதி வெலை சொல்லிடவா?" என்று போன் வந்தது.

போனிலேயே எழுந்த சந்தேகம்

துளையை மூடித் திறக்கும் தகடுகளான அபர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் படிவது பழைய லென்ஸ்களில் சகஜம். அது நடந்தால் பிளேடு மெதுவாக மூடும். 8, 11, 16 போன்ற சிறிய துளைகளில் படம் ஓவராகும், அதாவது வெளுக்கும். 1.4-இல் எதுவும் ஆகாது, ஏனென்றால் முழுத் திறப்பில் பிளேடு நகரவே வேண்டியதில்லை. இவர் சொன்னதோ நேர் எதிராக இருந்தது. திறந்து வைத்தால் ஓவர், மூடினால் அண்டர். லென்ஸில் எந்தக் கோளாறு வந்தாலும் இப்படி இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போக வழி எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, கேமரா மேல இருக்கிற சின்னத் திரையப் பாத்துக்கிட்டே ரிங்கைத் திருப்புங்க. நம்பர் மாறுதா?"

"இல்லண்ணே. நாலுலயே நிக்குது."

அப்போதே விளங்கிவிட்டது. எங்கே திருப்பினாலும் கேமரா அதை எஃப் 4 என்றே நினைக்கிறது. 1.4-இலிருந்து 4 வரை மூன்று ஸ்டாப். ரிங் 1.4-இல் இருக்கும்போது, லென்ஸ் மூன்று ஸ்டாப் மூடும் என்று நம்பிக் கேமரா மூன்று ஸ்டாப் கூடுதல் நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கிறது. 1/1000 நொடி போதும் என்ற இடத்தில் 1/125. அதனால் வெளுப்பு. ரிங்கை 8-இல் வைத்தால் லென்ஸ் ஐந்து ஸ்டாப் மூடுகிறது, கேமரா எதிர்பார்ப்பதோ மூன்று. இரண்டு ஸ்டாப் குறை. 4-இல் வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். சரியாக வந்தது.

லென்ஸில் கோளாறு இல்லை, பாடியின் நாக்குதான் நின்றுவிட்டது என்று சொல்லி, எப்போதாவது இறுக்கமாக எதையாவது மாட்டினீர்களா என்று கேட்டேன். ஆடி மாதத்துக் கதை அப்போதுதான் வெளியே வந்தது. விற்பனைப் பேச்சை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடைய டி7200 பாடியையும் ஒரு ஏஐ லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

நேரில் கண்டது

முதலில் பாடி. டி7200-இன் நாக்கை விரல் நுனியால் தள்ளிவிட்டால் ஸ்ப்ரிங்கில் தானாகத் திரும்பி வரும். டி750-இல் நாக்கு பாதி வழியில் நின்றது. உற்றுப் பார்த்தால் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து, வளையத்தை ஒட்டி உராய்ந்துகொண்டிருந்தது. உறுதி செய்ய லென்ஸ்களை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவருடைய மூன்றாம் லென்ஸ் என் பாடியில் 1.4 முதல் 16 வரை ஒழுங்காகக் காட்டியது. என் லென்ஸ் அவர் பாடியில் 4-ஐ விட்டு நகரவில்லை.

அப்புறம் லென்ஸ்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, மாட்டாமலேயே பார்த்தோம். பெயர் வளையத்தை இந்த முறை கடைசிக்கு ஒதுக்கினேன். முதலில் அபர்ச்சர் ரிங், அடுத்து அதன் பின்விளிம்பு, பிறகு மவுண்ட்.

இரண்டாம் லென்ஸில்தான் என் தவறு அப்பட்டமாக இருந்தது. அபர்ச்சர் எண்கள் ஒரே வரிசை. பின்விளிம்பு சுற்றிலும் ஒரே உயரம், வெட்டு இல்லை. கவட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்க்ரூ துளைகள் மட்டும் இருந்தன. கவட்டையை யாரோ கழற்றியிருக்கிறார்கள். பின்விளிம்பில் ஓரிடத்தில் கருப்புப் பூச்சு உரிந்து உலோகம் பளபளத்தது. நாக்கின் மேல் ஏறி உரசிய இடம் அதுதான். சேகரிப்பவர்கள் 'கே' வகை என்று அழைக்கும் லென்ஸ் இது. லென்ஸில் எங்கும் அந்தக் கே பொறித்திருக்காது. எழுத்துக்குறிகளை நிறுத்திய பிறகும் ஏஐ வருவதற்கு முன்பும் உள்ள இரண்டு மூன்று வருடத்தில் செய்தவை. ரப்பர் பிடியும் முகப்பும் அடுத்து வந்த ஏஐ லென்ஸைப் போலவே இருக்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் இவற்றைப் பிரிக்க நியாயமான வழி எதுவும் இல்லை. கவட்டையும் போய்விட்டதால், கவட்டை திடமாக இருந்தால் பழையது என்ற வழக்கமான சோதனையும் இதில் கைகொடுக்காது.

மூன்றாம் லென்ஸில் எண்கள் இரண்டு வரிசை. பெரிய எண்களுக்குக் கீழே, மவுண்ட்டை ஒட்டி, சின்ன எண்கள் இன்னொரு வரிசை. கேமராவின் வ்யூஃபைண்டரில் ஒரு சின்ன ஜன்னல் வழியாக அபர்ச்சரை நேரடியாகப் படிப்பதற்காக ஏஐ-யோடு வந்த வரிசை அது. கவட்டையில் இரண்டு பக்கமும் துளைகள். அந்தச் சின்ன எண்களின் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காக இட்ட துளைகள். இந்தக் காரணம் தெரிந்தால் இரண்டு அடையாளமும் ஒன்றாக நினைவில் நிற்கும். இதில் கூடுதலாக, கடைசி எண்ணான 16 இரண்டு வரிசையிலும் ஆரஞ்சு நிறம். மவுண்ட்டின் உலோகத்தில் கரண்டியால் வழித்தது போல ஒரு சின்னக் குழி. இரண்டும் ஏஐ-எஸ் வகையின் அடையாளங்கள், 1981 முதல் வந்தவை. புரோகிராம், ஷட்டர் முன்னுரிமை போன்ற முறைகளுக்கு ஏற்பத் துளை சீராக மூடும்படி செய்தவை. டி750-ஐப் பொறுத்தவரை ஏஐ-க்கும் ஏஐ-எஸ்ஸுக்கும் பயன்பாட்டில் வித்தியாசம் இல்லை. வாங்குபவர் கேட்பார் என்பதால் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதல் லென்ஸ்தான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. முகப்பில் 'எஸ்.சி ஆட்டோ', அதாவது ஏஐ-க்கு முந்தியது. அபர்ச்சர் ரிங்கிலோ இரண்டு வரிசை எண்கள், கவட்டையில் துளைகள், பின்விளிம்பில் ஒழுங்கான படி. வெட்டிய இடத்திலும் அதே கருப்புப் பூச்சு இருந்தது. அரம் வைத்துத் தேய்த்திருந்தால் வெறும் உலோகம் தெரியும், சின்ன எண் வரிசையும் வந்திருக்காது. ஏஐ வந்தபின் நிக்கான் பழைய லென்ஸ்களுக்கு மாற்று அபர்ச்சர் ரிங் தயாரித்துப் பொருத்திக் கொடுத்தது. அப்படி மாற்றிய லென்ஸ் இது. முகப்பில் உள்ளது பிறந்த வருடம் மாதிரி. பாடியில் உட்காருமா என்பதைச் சொல்லும் பகுதி பின்னாலிருந்த ரிங்.

பீரோவில் இருந்த எஃப்எம்2 இதற்கு விளக்கம் தந்தது. அதில் நாக்கு மடங்காது. எஃப்எம்2 வாங்கிய பிறகும் இந்த லென்ஸை விட மனமில்லாமல் பெரியவர் ரிங்கை மாற்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ரசீது எதுவும் கிடைக்கவில்லை.

சீரியல் எண்களையும் குறித்துக்கொண்டோம். ஆனால் முடிவு செய்ய அவற்றைப் பயன்படுத்தவில்லை. நிக்கான் லென்ஸ் வகைக்கு வகை தனித்தனி எண் தொடர் வைத்தது. எண்ணின் பெரிது சிறிதை வைத்து வேறு வகை லென்ஸோடு ஒப்பிட்டு வயது சொல்ல முடியாது. ரிங் மாற்றியதையும் எண் சொல்லாது.

எடுத்த முடிவுகள்

பாடியின் நாக்கை நாங்களே நிமிர்த்துவதா என்பதுதான் முதல் கேள்வி. அவர் இடுக்கியை எடுத்து வந்துவிட்டார். வேண்டாம் என்று நான் தடுத்தேன். அந்த நாக்கு உள்ளே ஒரு மெல்லிய வளையத்தோடு சேர்ந்தது. வெளியே நிமிர்த்தும்போது வளையம் கோணினால் பிறகு எண் தவறாகக் காட்டும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். உடனே அனுப்பவும் முடியாது, அடுத்த பத்து நாளில் நான்கு முகூர்த்தம். ஜூம் லென்ஸுக்கு நாக்கு தேவையில்லை என்பது உறுதியானதால், முகூர்த்தங்கள் முடியும்வரை அதே பாடியில் ஜூமை மட்டும் வைத்து வேலை செய்வது, பிறகு சர்வீஸுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தோம். அதுவரை மேனுவல் லென்ஸ் எதையும் மாட்டக்கூடாது.

இரண்டாம் லென்ஸை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. ரிங்கை அரத்தால் வெட்டி ஏஐ ஆக்கிவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் படி எங்கே தொடங்குகிறது என்பது அந்த லென்ஸின் அதிகபட்ச அபர்ச்சரைப் பொறுத்தது. கொஞ்சம் தள்ளி வெட்டினால் மீட்டர் எப்போதும் பிசகும். கையில் ஏற்கெனவே இரண்டு நல்ல 50 மி.மீ. இருக்கும்போது இந்த ஒன்றைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றுவதற்கு எனக்குத் தேவை தெரியவில்லை. அவருடைய உதவியாளரிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா உண்டு. நாக்கு எதுவும் இல்லாத எளிய அடாப்டர் போட்டு அதில் பயன்படுத்தலாம், மீட்டர் துளையை மூடிய நிலையிலேயே அளந்துகொள்ளும். அப்படியே வெட்டாமல் வைப்பது என்று முடிவானது.

விற்பனை விஷயத்தில் சென்னைக்காரரிடம் எதற்குக் கேட்கிறார் என்று விசாரிக்கச் சொன்னேன். பழைய நிக்கான் எஃப் ஒன்று அவரிடம் இருக்கிறதாம், ஃபோட்டோமிக் மீட்டர் தலையோடு. அதற்கு கவட்டை கட்டாயம் வேண்டும். முதல் லென்ஸும் மூன்றாம் லென்ஸும் கவட்டை உள்ளவை, பழைய பாடியிலும் புதிய பாடியிலும் வேலை செய்பவை. இரண்டாம் லென்ஸ் அவருக்குப் பயன்படாது. நாங்கள் முதலில் தள்ளிவிட நினைத்தது அந்த இரண்டாம் லென்ஸையும், பழுது என்று நினைத்த மூன்றாவதையும்தான். அப்படியே அனுப்பியிருந்தால் அவருக்கு உதவாத ஒன்று முழு விலைக்கும், குறையே இல்லாத ஒன்று பாதி விலைக்கும் போயிருக்கும்.

முதல் லென்ஸ் அப்பா அதிகம் பயன்படுத்தியது என்று அவருடைய அம்மா சொன்னார். அதை வைத்துக்கொண்டு மூன்றாவதை விற்பதாக மகன் தீர்மானித்தார். விலைப் பார்வையில் இதற்கு மாற்று உண்டு. நான் அதைப் பேசவில்லை.

பின்னர் நடந்தவை

நான்கு முகூர்த்தமும் ஜூமிலேயே முடிந்தன. அதன் பிறகு பாடி சென்னைக்குப் போனது. மவுண்ட்டைச் சுற்றியுள்ள அந்த வளையத்தையே மாற்றினார்கள், இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் மறுத்தார். என் வார்த்தையை நம்பித்தான் மாட்டினார், ஆகவே விட்டுக்கொடுக்கவில்லை.

திரும்பி வந்த பாடியில் முதல் லென்ஸை மாட்டி, திரையில் 1.4 முதல் 16 வரை ஒவ்வொரு எண்ணும் மாறுவதைப் பார்த்தோம். மூன்றாம் லென்ஸ் சென்னைக்காரரிடம் நியாயமான விலைக்குப் போனது. 'ஏஐ-எஸ், கவட்டை உண்டு, பிளேடு சுத்தம்' என்று எழுதி, ரிங், பின்விளிம்பு, மவுண்ட் மூன்றின் படங்களையும் சேர்த்து அனுப்பினார்.

இன்னொன்று பிறகுதான் தெரியவந்தது. ஸ்டுடியோவில் அப்பா காலத்திலிருந்து இருந்த பழைய உதவியாளர் ஒருநாள் வந்தபோது இரண்டாம் லென்ஸைப் பார்த்துவிட்டு, "இதுல செவப்பு நூலு கட்டியிருக்குமே, எங்க?" என்று கேட்டார். ஃபோகஸ் ரிங்கைச் சுற்றி ஒரு சிவப்பு நூல் இருந்தது உண்மைதான். துடைக்கும்போது ஏதோ கோயில் கயிறு என்று நினைத்து மகன் அவிழ்த்துவிட்டிருந்தார். எஃப்எம்2-வில் போடக்கூடாத லென்ஸ் என்று பெரியவர் கட்டி வைத்த அடையாளமாம் அது. அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது, நூலின் பொருளை வீட்டில் சொல்லி வைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

முகப்புப் படத்தை மட்டும் பார்த்து 'மாட்டலாம்' என்று இனிச் சொல்வதில்லை. யார் கேட்டாலும் நான்கு படம் கேட்கிறேன்: முகப்பு, எண்கள் தெரியும்படி மேலிருந்து ஒன்று, அபர்ச்சர் ரிங்கின் பின்விளிம்பு தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து மவுண்ட். பக்கவாட்டுப் படம் மட்டும் ஒன்றல்ல, லென்ஸைச் சுற்றித் திருப்பி மூன்று நான்கு வேண்டும். வெட்டு ஒரு பகுதியில்தான் இருக்கும், எதிர்ப்பக்கத்தைப் படமெடுத்தால் இல்லாதது போலத் தெரியும். இதை நான் பின்னால் வேறொருவர் அனுப்பிய படத்தில்தான் கற்றேன்.

வரிசையும் மாறிவிட்டது. பின்விளிம்பில் படி இருக்கிறதா என்பது முதலில். இல்லை என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, நாக்குள்ள பாடியில் மாட்டக்கூடாது. இருந்தால், எண் வரிசை இரண்டா ஒன்றா என்று பார்க்கிறேன். படி இருந்து எண் வரிசை ஒன்றே என்றால் கையால் வெட்டியது, மீட்டர் கணக்கைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும். பெயர் வளையம் கடைசியில். அது வயதையும் பூச்சையும் சொல்ல உதவும்.

எந்தப் பாடி என்று கேட்காமல் பதில் தருவதில்லை. கூடவே ஒரு வாக்கியம் சேர்க்கிறேன்: கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். அன்று அந்த ஒரு வாக்கியத்தை அனுப்பியிருந்தால், என் மற்ற தவறுகள் எல்லாம் இருந்தும் நாக்கு வளைந்திருக்காது.

இரண்டாம் லென்ஸ் இப்போது உதவியாளரின் மிரர்லெஸ் பையில் இருக்கிறது. புதுச் சிவப்பு நூல் கட்டி, மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறார் மகன்: 'கே வகை. வெட்டு இல்லை. டி750, எஃப்எம்2 இரண்டிலும் மாட்டாதே.'